ராமநாதபுரம் கரையில் ஊடக ஆய்வு: பத்திரிகையா, வானொலியா, ரசிகர் மன்றமா, வீடியோ கேமா?

இதழியல், காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "புராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?" தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையோரத்திலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ படிக்கப் போனவர்கள். கடைசி செமஸ்டர் நெருங்கும்போது சொந்த ஊரையே களமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் ஊரில் எதை எடுப்பது? கைடு "புதுசா ஏதாவது பண்ணுப்பா" என்பார். சீனியர் "பேப்பர் எடு, சீக்கிரம் முடியும்" என்பார். நண்பன் "ஃப்ரீ ஃபயர் கேம் பத்தி எழுதுடா" என்பான்.

பேச்சு சுற்றிச் சுற்றி நான்கில்தான் வந்து நிற்கும்: பத்திரிகைச் செய்தி, வானொலி, ரசிகர் மன்றம், மொபைல் கேம். நான்குக்கும் இந்தக் கரையில் விஷயம் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பு புதுசா பழசா என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். உங்களிடம் யார் வாய் திறப்பார்கள், எந்த மாதத்தில் திறப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

காலண்டர். இதை யாருமே பார்ப்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகுத் தொழிலாளிகள் வீட்டில் இருப்பதும், வலை பின்னிக்கொண்டே நிதானமாகப் பேசுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். எம்.ஏ. புராஜெக்டோ பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. நீங்கள் பைண்டிங் செய்யக் கொடுக்கும் வாரத்தில்தான் அவர்கள் கரையேறுகிறார்கள். ஜனவரியில் போய்ப் பேட்டி கேட்டால், ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தவர் காலையில் மீனை எடை போட்டுவிட்டுத் தூங்கப் போவார். அவரிடம் 30 கேள்வி கொண்ட தாளை நீட்ட முடியுமா? நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுடைய கணக்கு வேறு, காற்றைப் பொறுத்தது.

மூலப்பொருள். நீங்கள் படிக்க வேண்டியது, கேட்க வேண்டியது எங்கே இருக்கிறது? ஊரிலா, சென்னையிலா, இணையத்திலா, ஒருவருடைய நினைவிலா?

செலவு. பஸ் காசை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். பேட்டியை எழுத்தாக்கும் நேரத்தை யாரும் போடுவதில்லை. ஒரு மணி நேரப் பேச்சைத் தாளில் இறக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். கடலோரப் பேச்சும் பின்னால் காற்றும் சேர்ந்தால் தானாக எழுதித் தரும் செயலிகள் தடுமாறும். நீங்களே உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

பேசியவருக்கு வரும் வில்லங்கம். ஒரு மீனவர் பேச்சுவாக்கில் "எல்லை தாண்டித்தான் போனோம், இங்கே மீன் ஏது" என்று சொல்லிவிட்டால் அது உங்கள் போனில் பதிவாகி இருக்கிறது. ஒரு பையன் அப்பாவின் போனில் காசு கட்டி, கேமுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்கியதைச் சொன்னால் அதுவும் இருக்கிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் படகின் நிறத்தைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

படிப்புக்கு அப்புறம் என்ன. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்குப் போகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா? எம்.ஃபில். இப்போது கிடையாது, 2022 பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகளோடு அது முடிந்தது. முதுகலை முடித்து நேரே பிஎச்.டி.தான், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு நல்கை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கிடைக்காதவர் கைக்காசைப் போட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும். தலைப்பு எடுக்கும் நாளிலேயே இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

## பத்திரிகைச் செய்தி

பழைய தலைப்பு என்று முகம் சுளிக்காதீர்கள். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்து மாணவருக்கும் இவ்வளவு சுலபமாக வாய்க்காத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: ஒரே சம்பவத்தைப் பற்றி, ஒரே மொழியில், கடலின் இரு கரையிலும் எழுதப்படும் செய்தி.

ராமேஸ்வரம் மீனவர் கைது என்று மதுரைப் பதிப்பில் வருகிறது. அதே நாள் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் இந்திய இழுவைப் படகுகளின் அத்துமீறல் என்று வருகிறது. இரண்டும் தமிழ். நம் பக்கத்தில் படத்தில் அழுதுகொண்டு நிற்பது மீனவர் குடும்பத்துப் பெண்கள். அந்தப் பக்கத்தில் வலை அறுந்து நிற்பது பருத்தித்துறைக் கடற்றொழிலாளி. 2017-இல் இலங்கை இழுவைமடி மீன்பிடிப்பைத் தடை செய்தது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திச் சட்டம் போட்டது. இந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் செய்தி எப்படி மாறியது என்று பார்த்தாலே ஒரு முழு ஆய்வு.

வேலை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். விசைப்படகு இரண்டு, மீனவர் 12 பேர் கைது என்று ஒரு செய்தி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டுத் தாளில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை. தேதி, பக்கம், எத்தனை பத்தி, படம் உண்டா என்பது முதல் நான்கு கட்டம். இதை யாரும் நிரப்பிவிடலாம். ஐந்தாவது கட்டத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது: செய்தியில் யார் பேசுகிறார்கள்? சங்கத் தலைவரா, மீன்வளத் துறை அதிகாரியா, கடற்படை அறிக்கையா, பிடிபட்டவரின் மனைவியா? ஆறாவது: பிடிபட்டவர் படகு உரிமையாளரா, பங்குக்குப் போன கூலியா, அல்லது வெறும் "மீனவர்கள்" என்று முடித்துவிட்டார்களா? ஏழாவது: எந்த இடத்தில் பிடிபட்டார்கள் என்று எழுதியிருக்கிறதா, அதை யார் சொன்னதாக எழுதியிருக்கிறது? இதே தாளை அந்தக் கரைப் பத்திரிகைக்கும் நிரப்ப வேண்டும். பத்தில் ஒரு பங்குச் செய்தியை வேறொருவரிடம் கொடுத்து, அவரும் அதே கட்டங்களை அதே மாதிரி நிரப்புகிறாரா என்று சரிபார்க்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

மறைவான செலவு ஒன்று உண்டு. ராமநாதபுரம் மாவட்டச் செய்திகள் மதுரைப் பதிப்பில்தான் விரிவாக வரும். சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ப் பழைய தாள் புரட்டலாம் என்று கிளம்புகிறவர்கள், அங்கே எடுத்து வைத்திருப்பது எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். சென்னைப் பதிப்பாக இருந்தால் உங்கள் ஊர்ப் பக்கமே அதில் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அக்கரைப் பத்திரிகைகள் பல நூலகம் என்ற ஈழத்து மின்னூலகத்தில் பைசா செலவில்லாமல் கிடைக்கின்றன. பக்கத்து வீட்டுப் பேப்பர் வீட்டிலிருந்தே கிடைக்கிறது, சொந்த வீட்டுப் பேப்பருக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது.

செய்தியை விட்டுவிட்டுச் செய்தியாளரைப் பிடிக்கலாம் என்பவர்களுக்கு: பகுதி நேர நிருபர்கள் நட்பாகப் பேசுவார்கள். ஒருவர் எடுத்த படம் வாட்ஸ்அப் குழு வழியாக எல்லாப் பத்திரிகைக்கும் போவதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சம்பளம், விளம்பரம் பிடிக்கும் வேலை என்று போனால் பேச்சு நின்றுவிடும். அதை எழுதினால் அவர் பிழைப்பில் கை வைத்த மாதிரி ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்திரிகை போய்ச் சேரும் வழியே ஒரு தலைப்புதான். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்காமல் போனதால் பத்திரிகைக் கட்டை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அதைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட சிறுவன் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனார். கலாம் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டைப் பற்றி எழுத இன்னும் இடமிருக்கிறது.

யாருக்கு: நான்கு மாதத்தில் முடிக்க வேண்டிய எம்.ஏ. மாணவருக்கு. மீனவர் கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் இந்த வேலை நிற்காது.

## வானொலி

இந்தக் கரையில் வானொலி என்றால் இரண்டு கதை.

ஒன்று, பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4. மீனவர்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. கடல் நிலை, காற்று, பாதுகாப்பு, பாட்டு, ஊர்ப் பேச்சு எல்லாம் உண்டு. சமுதாய வானொலி என்பதே இந்தியாவில் இளசுதான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது, 2006 கொள்கைக்குப் பிறகுதான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. ஆய்வு செய்கிறவர் முதலில் படிக்க வேண்டியது உரிம நிபந்தனைகளை. ஒலிபரப்புத் திறனுக்கு 100 வாட் வரம்பு இருப்பதால் கடலில் கொஞ்ச தூரம் போனாலே அலை மங்கும். தானாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே தரலாம். மீனவர் கைதான அன்று மீனவர் வானொலி என்ன பேசும், என்ன பேசாது என்ற கேள்வி இங்கேயே பிறந்துவிடுகிறது.

மறைவான செலவும் அந்த நிபந்தனையிலேயே இருக்கிறது. நிலையங்கள் நிகழ்ச்சிப் பதிவை 3 மாதம் வைத்திருந்தால் போதும். "2018-இல் என்ன ஒலிபரப்பினார்கள்" என்று கேட்டுக்கொண்டு போனால் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆய்வு தொடங்கும் நாளிலிருந்து நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு கதை, இலங்கை வானொலி. அறுபது வயது தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் "பொங்கும் பூம்புனல்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். பிறகு நீங்கள் கேள்வியே கேட்க வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்துக்குக் கடிதம் போட்டது, அறிவிப்பாளர் குரலை அப்படியே பேசிக் காட்டியது, பாட்டு விருப்பத்தில் தன் பெயர் வரும் என்று காத்திருந்தது எல்லாம் வரும். ரசிகத்தன்மை ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறை பிறப்பதற்கு முன்பே இந்தக் கரையில் நேயர்கள் இருந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னார் கப்பல் அங்கிருந்து போவது நின்ற பிறகும் குரல் மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. இலங்கைப் போர்க்காலத்தில் என்ன கேட்டார்கள், எதைக் கேட்பதை நிறுத்தினார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் ஆய்வு ஆழம் போகும். பேசுபவரும் தயங்குவார், அவசரப்படுத்தக் கூடாது.

இதில் தள்ளிப்போட முடியாத ஒன்று வயது. அந்தத் தலைமுறை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு நமக்காகக் காத்திருக்காது. வீடியோ கேமை அடுத்த மாணவர் எடுத்துக்கொள்ளலாம். இதை இப்போது எடுக்காவிட்டால் அப்புறம் எடுக்க ஆள் இருக்காது.

யாருக்கு: பிஎச்.டி. மாணவருக்கு. இரண்டு மூன்று தடைக்காலங்கள் கையில் இருப்பவருக்கு. வீட்டில் தாத்தா பாட்டியோடு வளர்ந்தவருக்கு இதில் கூடுதல் வசதி. "யாரு வீட்டுப் பேரன்" என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் இந்த ஊர்களில் பாதிக் கதவு திறந்த மாதிரி.

## ரசிகர் மன்றம்

இதை எடுக்கத் துடிக்கிற பிள்ளைகளே அதிகம். தயங்கச் சொல்கிற ஆளும் நான்தான்.

படிக்க நல்ல அடித்தளம் இருக்கிறது. 1992-இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்ஜிஆரைப் பற்றி எழுதியதும், 1993-இல் சாரா டிக்கி மதுரையின் ஏழை மக்களும் சினிமாவும் என்று எழுதியதும் உலகம் முழுக்கப் படிக்கப்படுபவை. மேற்கே ஹென்றி ஜென்கின்ஸின் தொலைக்காட்சி ரசிகர் ஆய்வும் அதே 1992-தான். கைடு கேட்டால் "முன்னோடி ஆய்வு இல்லை" என்று தலை சொறிய வேண்டியதில்லை.

பிரச்சினை எங்கே என்றால், மன்றம் இப்போது மன்றமாக இல்லை. 2011-இல் அஜித் தன் மன்றங்களைக் கலைத்தார். 2021-இல் ரஜினி மக்கள் மன்றம் கலைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் விஜய்யின் இயக்கம் கட்சியானது. பரமக்குடியில் பிறந்த கமல் 2018 பிப்ரவரி 21 அன்று ராமேஸ்வரத்தில் கலாம் வீட்டிலிருந்து கிளம்பித்தான் மதுரையில் கட்சியை அறிவித்தார். அவருடைய நற்பணி இயக்கத்துக்காரர்கள் ஒரே நாளில் கட்சிக்காரர்கள் ஆனார்கள். நீங்கள் "உங்களுக்குப் பிடித்த படம் எது" என்று கேட்பீர்கள். எதிரே இருப்பவர் காதில் "யாருக்கு ஓட்டு" என்று விழும். பதிலும் மேடைப்பேச்சு மாதிரி வரும். தேர்தல் ஆண்டில் இதை எடுப்பவருக்குப் பேட்டி நிறையக் கிடைக்கும், விஷயம் கொஞ்சம்தான் கிடைக்கும்.

இன்னொன்று, மன்றப் பலகையில் பெண் பெயர் அபூர்வம். பெண் ரசிகர்கள் இன்ஸ்டாகிராமில் எடிட் வீடியோ போடும் பக்கங்களில் இருக்கிறார்கள், பல பேர் சொந்தப் பெயர் இல்லாமல். மன்றத்தை மட்டும் பார்த்துவிட்டு ரசிகர்கள் என்றால் இளைஞர்கள் என்று எழுதிவிடாதீர்கள். கிராமத்தில் மன்றம் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தத் தெருவில் இல்லை என்பதும் தற்செயல் கிடையாது. அதை எழுதத் துணிவு வேண்டும். எழுதிவிட்டு அதே ஊரில் வாழவும் வேண்டும்.

யாருக்கு: இரண்டு சாரார்க்கு. பழைய மன்ற ஆட்கள், அதாவது எம்ஜிஆர், சிவாஜி காலத்தவர்களைத் தேடிப் போகிறவருக்கு. அவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை, ஆல்பத்தையே எடுத்து வைப்பார்கள். அல்லது பெண் ரசிகர் பக்கங்களை எடுக்கும் மாணவிக்கு. நீங்களே மன்றப் பொறுப்பில் இருந்தால் இந்தத் தலைப்பு வேண்டாம்.

## வீடியோ கேம்

சாயங்காலம் படகுத்துறைப் பக்கம் நான்கு பையன்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஆளுக்கொரு போனைக் குறுக்காகப் பிடித்து, "டேய் பின்னால வர்றான்டா" என்று கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கு விஷயம் இருக்கிறது, சந்தேகமில்லை. 2001-இல் இந்தத் துறைக்கென்றே தொடங்கிய கேம் ஸ்டடீஸ் (Game Studies) ஆய்விதழ் இணையத்தில் இலவசம். டச்சு வரலாற்றாசிரியர் ஹூய்சிங்கா விளையாட்டைப் பற்றி எழுதியது 1938-இல். ஆங்கிலத்தில் படிக்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் கலைச்சொல்லே நீங்கள்தான் உண்டாக்க வேண்டியிருக்கும்.

கேம் கையில் நிற்காது என்பது முதல் வில்லங்கம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை. 2021-இல் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023-இல் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை, அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் தப்பியது. மூன்று ஆண்டு ஆய்வுக்கு ஒரு கேமை நம்பி உட்கார்ந்தால் நடுவில் களமே காணாமல் போகலாம். விளையாடுகிறவர்களை எடுங்கள், விளையாட்டை எடுக்காதீர்கள். தடை வந்தபோது என்ன செய்தார்கள், எதற்கு மாறினார்கள் என்பதே நல்ல கேள்வி.

அடுத்தது சூதாட்டக் குழப்பம். தமிழ்நாட்டின் 2022 சட்டம், மத்திய அரசின் 2025 சட்டம் இரண்டும் காசு கட்டும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. மத்தியச் சட்டம் போட்டியாக ஆடும் மின்விளையாட்டை (இ-ஸ்போர்ட்ஸ்) தனியாகப் பிரித்து ஆதரிக்கவும் செய்கிறது. வீட்டில் அம்மாக்களுக்கு ரம்மியும் ஃப்ரீ ஃபயரும் ஒன்றுதான். பையனிடம் பேச அனுமதி கேட்டுப் போகும்போது "இதை விடச் சொல்லுங்க தம்பி" என்று உங்களையே சிபாரிசுக்கு அனுப்புவார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம், பையனின் சம்மதம் இரண்டும் எழுத்தில் வேண்டும். குரல் அரட்டையைப் பதிவு செய்ய நினைத்தால், மறுமுனையில் இருக்கும் முகம் தெரியாதவனிடமும் கேட்டாக வேண்டும், நடைமுறையில் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவு என்றால் போன். விளையாடத் தெரியாதவரிடம் பையன்கள் பேச மாட்டார்கள், நீங்களும் ஆடத்தான் வேண்டும். கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய போனில் ஆடுபவனுக்கும், தங்கச்சிமடத்தில் அப்பா கடலிலிருந்து வந்த பிறகு கிடைக்கும் போனில் ஆடுபவனுக்கும் ஆட்டம் ஒன்றாக இருக்குமா என்று ஒப்பிட்டால் எனக்கே படிக்க ஆசை.

கைடு கிடைப்பது சிரமம். "இதெல்லாம் ஒரு ஆய்வா?" என்ற கேள்வியை மூன்று தடவையாவது சந்திப்பீர்கள்.

யாருக்கு: ஏற்கெனவே ஆடுகிறவருக்கு, ஆங்கிலத்தில் படிக்கச் சலிக்காதவருக்கு, பிடிவாதக்காரருக்கு.

## ஒரு பார்வையில்

| | பத்திரிகை | வானொலி | ரசிகர் மன்றம் | வீடியோ கேம் |
|---|---|---|---|---|
| ஏற்ற காலம் | எப்போதும் | தடைக்காலம் | தேர்தல் இல்லாத ஆண்டு | பள்ளி விடுமுறை |
| மூலப்பொருள் | மதுரைப் பதிப்பு, இணையம் | முதியோர் நினைவு, சொந்தப் பதிவு | வீட்டு ஆல்பம், இன்ஸ்டாகிராம் | கூட இருந்து பார்ப்பது |
| பெரிய செலவு | பழைய தாள் தேடி அலைச்சல் | எழுத்தாக்கும் நேரம் | நம்பிக்கை பெறும் நாட்கள் | போன், டேட்டா |
| வில்லங்கம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | அதிகம் (சிறுவர்) |
| பொருந்துவது | எம்.ஏ. | பிஎச்.டி. | பழைய ரசிகர், பெண் ரசிகர் மட்டும் | ஆடுகிறவர் |

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா

ஒரு வாரம் ஒதுக்குங்கள். மதுரைப் பதிப்பு ஒன்றை ஏழு நாள் வாங்கி, மேலே சொன்ன குறியீட்டுத் தாளை நிரப்பிப் பாருங்கள். மூன்றாம் நாளே அலுத்தால் பத்திரிகை உங்களுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இலங்கை வானொலி பற்றி அரை மணி நேரம் பேசி, அதை முழுசாக எழுத்தாக்குங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் எரிச்சல் வந்ததா, இன்னும் கேட்கத் தோன்றியதா என்று பாருங்கள். படகுத்துறைப் பையன்களோடு இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

பத்திரிகை பக்கம் மனசு சாய்கிறது என்றால் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். எந்த ஆண்டு எத்தனை படகு, எத்தனை பேர் என்ற கைதுக் கணக்கை மீன்வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்; கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள், மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னொரு மாதம் கூடப் பிடிக்கும். தலைப்பு உறுதியாகும் முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.